நன்கொடையை ஏற்பவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு என்றால் கேலிச் சொல். துணி காயப்போடும் கொடிக்காக இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டால், "ஏன், இந்தக் கொடிய ஒங்க பேருக்கு நொத்தாரிசு எழுதிக் குடுத்திருக்காரா?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவளால் வாயைத் திறக்க முடியாது. எழுதிக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? குடியிருந்த காம்பிரா தோட்டத்துடையது. மேலே கிடந்த தகரம் தோட்டத்துடையது. வாசலில் போட்ட கீரைப் பாத்தியைக்கூடத் தோட்டத்தை ஆளும் துரை நினைத்தால் நாளைக்கே பிடுங்கிப் போடச் சொல்லலாம். எங்களில் பாதிப் பேருக்கு இது எந்த ஊர், நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்பதற்கே காகிதம் இல்லாத காலம் அது. ஆகவே நொத்தாரிசு என்பவர் அட்டன் டவுனில் ஒரு பெயர்ப் பலகையில் மட்டும் இருப்பவர்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் அவரோடு சம்பந்தம் வந்தது. அப்பா கங்காணி. கொட்டகலை கடைவீதியின் கோடியில் ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் தகரம் போட்டு ஒரு கடை கட்டி, ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நிலம் வாங்கியபோது என் அம்மா உயிரோடு இருந்தாள். அது மேடும் பள்ளமுமான இடம். ஆறு நாளும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடையிலிருந்து கல் சுமந்து பள்ளத்தில் கொட்டுவாள். பாவாடை மடியில் சிறு கற்களைப் போட்டுக்கொண்டு நானும் பின்னால் நடப்பேன். ஆகவே அந்த நிலம் யாருடையது என்று என்னை யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன், எங்கள் அம்மாவுடையது என்று. யாரும் கேட்கவில்லை.

அம்மா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா கீழ்ப்பிரிவிலிருந்து சித்தியைக் கூட்டி வந்தார். கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். சித்திக்கும் எனக்கும் பெரிய வயது வித்தியாசமில்லை. அவள்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. சமைத்தாள், துவைத்தாள், என்னைப் பார்த்தால் எழுந்து நின்றாள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அவள் பெற்ற பெண்ணின்மேல்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், நன்றாகவே பட்டேன். ஏன் படக்கூடாது? நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பில் முதலாவதாக வந்து சொன்னபோது அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான். அவள் சிலேட்டில் 'அ'வைக் காலுடைந்த கோழி மாதிரி எழுதிக் காட்டியபோது, அந்தச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்க வாசல் வாசலாகப் போனார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏய், இங்க வா". அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் "கண்ணு". அதிகாலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு ஆள் திரட்டப் போகும்போது அவளைத் தோளில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு போவார். பெரட்டு கலையும்வரை துரைக்கு முன்னால்கூட இறக்க மாட்டார். இதெல்லாம்கூடப் போகட்டும். அப்பா அவளுக்குத் தலைவாரி விடுவார். கம்பளிக்கோட்டோடு வாசலில் குந்தி, அந்தக் காய்த்துப்போன விரல்களால் சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, ரிப்பன் கட்டுவார். ரிப்பன் கட்ட அவருக்கு எப்படித் தெரிந்தது? அம்மா செத்த பிறகு என் தலையில் பேன் விழுந்து நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்த் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேனே, அப்போது இந்த மனுஷனுக்கு விரல் இல்லையா?

பிறகு எனக்குக் கலியாணமாகிப் பொகவந்தலாவைக்குப் போனேன். வீட்டுக்காரர் அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தாய்வீட்டுக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் புதுச் சட்டை, புதுச் செருப்பு, அப்பா தின்ன வாங்கிக் கொடுத்த பணிஸ் என்று அவரிடம் ஒப்பித்துத் தீர்ப்பேன். "ஆறு வயசுப் புள்ளகூடப் போட்டி போடுற ஒரே பொம்பள இந்த மலையில நீதான்" என்பார். சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி, கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அறுக்கப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னது. போய்ப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். மறுநாள் விட்டு அடுத்த நாள் கண்டிக்குப் புறப்பட வேண்டும். நான் அழ வந்தவள். ஆனால் வாசலிலேயே அந்தப் பிள்ளை ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"அக்கா, கொட்டகலைக் கடைய அப்பா எனக்கு எழுதப் போறாங்க. நாளைக்கு அட்டனுக்குப் போறோம்."

வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைப்பதில் மும்முரமாக இருந்தார். டாக்டர் பீடி வேண்டாம் என்று சொன்னதாகத்தான் கேள்வி.

"நெசமாங்களா?" என்றேன்.

"ஒனக்குக் கலியாணம் பண்ணி வச்சாச்சு. ஒனக்குப் புருசன் இருக்காரு, மாசச் சம்பளம் இருக்கு. இதுக்கு என்னா இருக்கு? நான் போயிட்டா தாயும் புள்ளையும் காம்பிராவ விட்டு எறங்கணும்."

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சண்டை போடவும் இடமில்லை. "நானும் அட்டனுக்கு வாறேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எரிவதானால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எதற்கு எரிய வேண்டும், நேரில் போய் நின்று எரியலாம் என்பதுதான் என் எண்ணம்.

சித்தி வரவில்லை. "நான் அங்க வந்து நின்னா, கங்காணிய மயக்கி எழுதி வாங்கிட்டானு நாலு பேரு பேசுவாங்க. எனக்கு அது வேணாம். என் அண்ணன் வந்து புள்ளைக்காக நிப்பாரு" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு எதிலும் முன்னால் நிற்பவர் தாய்மாமன்தானே. அவர் நானுஓயா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். காலை ரயிலில் நேரே அட்டனுக்கு வருவதாக ஏற்பாடு. சித்தியின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே பஸ் ஏறினேன். வழிக்கு அவள் கட்டிக் கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும் நன்றாக இருந்தன. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நொத்தாரிசின் கந்தோர் ஒரு புடவைக் கடைக்கு மேலே. மரப்படி ஏறிப் போக வேண்டும். சுவரெல்லாம் ஈரம், புத்தக அலுமாரி, ஒரு பெரிய மேசை, மேசைக்கு அப்பால் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் மப்ளர். பக்கத்தில் ஒரு கிளாக்கர். நானா எங்களுக்கு முன்னாலேயே வந்து சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு சாட்சி, கிளாக்கர் இன்னொரு சாட்சி. நொத்தாரிசு நானாவை "நீங்கள்" என்றார், அப்பாவை "நீர்" என்றார். அப்பாமேல் இருந்த கோபத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது.

எங்களுக்கு முன்னால் வேறொரு தோட்டத்துத் தாத்தா நின்றுகொண்டிருந்தார். தன் லயத்துக் காம்பிராவை மருமகன் பேருக்கு எழுத வேண்டுமாம். இந்தத் தோட்டத்தில் பிறந்து இந்தக் காம்பிராவில் பிள்ளை பெற்று, அப்புறமும் அது தன்னுடையது இல்லை என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"உம்மட இல்லாததை நீர் எப்பிடிக் குடுக்கிறது?" என்றார் நொத்தாரிசு. கோபமாகச் சொல்லவில்லை. "நான் எழுதினாப்போல அது உம்மட ஆகாது. நான் கடவுள் இல்லை, நீதிபதியும் இல்லை. குடுக்கிறவர் இவர்தான், வாங்கிறவர் இவர்தான், புத்தி தெளிவோட, ஒருத்தரும் நெருக்காமல், விளங்கிக்கொண்டு செய்யினம் எண்டு பாத்துக் கையெழுத்து வைக்கிற ஆள் மட்டும்தான்."

தாத்தா தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். உம்மட இல்லாததை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா சுமந்த கல் அப்பாவுடையதா?

எங்கள் முறை வந்தது. நானா மூலம் விவரம் அனுப்பியிருந்ததால் உறுதிப் பத்திரம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. இருந்தாலும் நொத்தாரிசு முதலிலிருந்து விசாரித்தார். இவரை எத்தனை காலமாகத் தெரியும் என்று நானாவைக் கேட்டார். பிறகு கண்ணாடிக்கு மேலால் அப்பாவைப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளையின்ர தாயை நீர் பதிவு செய்துதானே கட்டினீர்?"

"ஆமாங்க. ரெஜிஸ்டர் ஆச்சுங்க. அவ வந்த மாசமே தோட்டத்து ஆபீசுல பெரிய கிளாக்கரய்யா அவ பேர எங்க காம்பிராவுல ஏத்திட்டாருங்க."

நொத்தாரிசு பேனாவை வைத்துவிட்டார். "அது அரிசி குடுக்கிறதுக்கும் ஆள் கணக்குக்கும் தோட்டம் எழுதுற பேர். கலியாணப் பதிவு இல்லை."

அப்பாவுக்கு அது ஏறவில்லை. எங்களில் யாருக்கும் ஏறியிருக்காது. ஆபீசில் துரையின் ஆள், துரையின் புத்தகத்தில், துரையின் மையால் எழுதினால் அதற்கு மேல் என்ன பதிவு? அப்படி நம்பித்தான் முழு மலையும் குடும்பம் நடத்தியது.

"முதல் மனுசியை?"

"அது பதிவுகாரர் முன்னுக்குக் கையெழுத்துப் போட்டதுங்க. என் மாமனார் அதுல ரொம்பக் கண்டிசனா இருந்தாரு."

"இந்தப் பிள்ளை அவவின்ர மகளோ?" என்று என்னைக் காட்டினார்.

"ஆமாங்க."

நொத்தாரிசு பேனாவை மறுபடி எடுத்தார். "அப்ப இந்த உறுதியை எழுதத்தான் வேணும்" என்றார். "எழுதாமல் உமக்கு ஒண்டு நடந்தால், பதிவில்லாத கலியாணத்துச் சின்னப் பிள்ளைக்கு இதில பங்கு இருக்கோ எண்டு கேக்கலாம். கேக்க ஆள் இருந்தால்."

கேட்கக்கூடிய ஆள் அந்த அறையில் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அப்பாவும் துரையும் யாரும் எனக்குத் தராத ஒன்றை, எங்கள் அம்மாவின் அப்பன் எப்போதோ பிடித்த பிடிவாதம் எனக்குத் தந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அப்பா நோயாளியாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் சந்தோஷப்பட்டேன்.

"சரி, பிள்ளைக்காக ஏற்கிறது ஆர்?" என்றார் நொத்தாரிசு.

நானா தொண்டையைக் கனைத்தார். வரும்போது ஸ்டேஷனில் கேட்டாராம். "அந்தப் பக்கத்து ரெயில் ஓடல்ல. வழியில மண்ணு சரிஞ்சு கெடக்காம். இண்டைக்கி வராது" என்றார். தாய்மாமன் அங்கே மாட்டிக்கொண்டார்.

"அவரு இல்லாட்டி என்னாங்க? நான்தான் குடுக்குறேனே" என்றார் அப்பா.

"குடுத்தால் மட்டும் காணாது, கங்காணி. நன்கொடை எண்டால் ஏற்க ஒரு ஆள் வேணும். ஏற்காத நன்கொடை பாதி வேலை. உமது சீவியகாலத்துக்குள்ள அது ஏற்கப்பட வேணும். பிள்ளை மைனர், அவவால ஏலாது. குடுக்கிற கையே வாங்கிற கையாவும் இருக்கேலாது. சாட்சிக்காரரும் கூடாது. மாமன்காரன் வரட்டும், அடுத்த கிழமை வையும்."

"நாளைக்கு நான் கண்டிக்குப் போறேனுங்க. அறுக்கப் போறாங்க." அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டார். "திரும்பி வாறேனோ என்னமோ."

பிள்ளை வாங்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ரிப்பன் நேராக இருந்தது. காலையில் அப்பா கட்டி விட்டதாகத்தான் இருக்கும். நொத்தாரிசு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் தமக்கை. நீங்கள் ஏற்கலாம்."

அப்பா நிமிரவில்லை. தரைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்க அவருக்கு வாயில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் கெஞ்ச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒரே ஒரு தடவை, எனக்காக, என் முகத்தைப் பார்த்து.

"உங்களை ஒருத்தரும் நெருக்கேலாது" என்றார் நொத்தாரிசு. "மாட்டன் எண்டால் மாட்டன் எண்டு சொல்லலாம். நான் இதை மடிச்சு வைச்சிடுவன். ஆரும் உங்களில பிழை பிடிக்கேலாது."

மாட்டேன் என்ற சொல் என் வாய்க்குள் தயாராக இருந்தது. ஒரு சொல்தான். துப்பினால் போதும், அந்தக் கடை, அந்தக் கல், எல்லாம் என்னைத் தேடி வரும். "மொதல்ல வாசிங்க" என்றேன். "என்னா எழுதியிருக்குனு கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் வாசித்தார். வாசித்துக் காட்டுவது அவர் கடமையும்கூட. பெரும்பாலும் எழுத்துத் தெரியாதவர்கள் வருகிற இடம். வடக்கே மழைநீர்க் கான், கிழக்கே பெருந்தெரு, தெற்கே இன்னாரின் காணி என்று எல்லைகள் போய்க்கொண்டேயிருந்தன. அம்மாவின் கல் எந்த எல்லையிலும் இல்லை. பிறகு, தடுமன் பிடித்த அதே குரலில், எல்லைகளை வாசித்த அதே வேகத்தில், இதை வாசித்தார்:

"எனது மகளாகிய மேற்படி மைனர்மீது நான் கொண்டுள்ள இயற்கையான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு..."

"நிப்பாட்டுங்க" என்றேன்.

கிளாக்கர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அத யாரு சொன்னா?"

"எதை?"

"அன்பு, பாசம். அப்பா சொன்னாங்களா அப்படி எழுதச் சொல்லி?"

என் வாழ்நாளில் அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை. என்னிடம் சொன்னதில்லை. இப்போது முத்திரை குத்தி, சாட்சி வைத்து, அந்த ரிப்பன்காரிக்கு எழுதிக் கொடுக்கிறார். கடையைக்கூட விட்டுவிடலாம் போலிருந்தது. அந்த வரியை விட முடியவில்லை.

நொத்தாரிசு சிரித்தார். "பிள்ளை, இது எல்லா நன்கொடை உறுதியிலும் வாற வசனம். காணியை வித்தால் காசுக்கு எண்டு எழுதுவம். சும்மா குடுத்தால், ஏன் குடுக்கிறாய் எண்டு சட்டம் கேக்கும். அதுக்கு மறுமொழி இதுதான். வேற மறுமொழி இல்லை."

சட்டென்று நெஞ்சு லேசானது. எல்லோருக்கும் போடுகிற வரி. அவளுக்கென்று இல்லை. நானாவும் ஆறுதலாகத் தலையாட்டினார்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராதுங்க. ஆனா அவரு எழுதுனது சரிதான்."

லேசான நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"எனக்குக் கலியாணத்துல ஒரு தோடு போட்டீங்களே" என்றேன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்கு இந்த வரி உண்டுங்களா?"

அப்பா துண்டை எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானா சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். நொத்தாரிசு மட்டும், இப்படிப்பட்ட பேச்சு தன் மேசையில் தினமும் நடக்கிறதுபோல, மிச்சத்தை வாசித்தார். கடைசியில் ஏற்பவரின் வாசகம் வந்தது.

"மேற்படி மைனரின் தமக்கையாகிய நான், அவர் சார்பில் இந்நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்."

"ஏத்துக்கிறேன்னு மட்டும் போடுங்க" என்றேன். "நன்றிய வெட்டிடுங்க."

கிளாக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானா, "அட, என்னா மகள் நீங்க" என்றார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெழுத்து வேண்டுமானால் போடலாம். போட்டுவிட்டு நன்றியும் சொல்ல நான் என்ன பைத்தியமா?

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"அது உங்கட நன்றி இல்லை, பிள்ளை. நீங்கள் இப்ப நீங்கள் இல்லை. இந்தக் கையெழுத்து வைக்கிற மட்டுக்கும் நீங்கள்தான் அந்தச் சின்னப்பிள்ளை. அவவால வாங்கேலாது எண்டபடியால், அவவாக நிண்டு நீங்கள் வாங்கிறியள். தகப்பன் குடுக்கிறார், மகள் வாங்கிறா. சட்டத்துக்கு அவ்வளவுதான்."

வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தது.

"அப்ப அந்த வரியும்?" என்றேன்.

"எந்த வரி?"

"அன்பு வரி. அதுவும் எனக்குத்தான் வாசிக்கிறதுங்களா?"

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று விளங்கியதோ இல்லையோ, தெரியாது. கண்ணாடியை மறுபடி மாட்டினார். "ஓம்" என்றார். "இந்த நேரத்துக்கு உங்களுக்குத்தான்."

நான் எழுந்தேன். நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தேன். முழங்காலும் முழங்காலும் முட்டுகிற தூரம்.

"மொதல்லேருந்து இன்னொரு தடவ வாசிங்க."

"ஏன், விளங்கேல்லையோ?"

"வெளங்கிருச்சு. வாசிங்க."

அலுத்துக்கொண்டேதான் தொடங்கினார். வடக்கே கான். கிழக்கே பெருந்தெரு. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் போயிருந்தது. எப்போது இவ்வளவு கிழடானார்? "எனது மகளாகிய" என்று நொத்தாரிசு வாசித்தபோது அப்பா தரையிலிருந்து கண்ணை எடுத்தார். தூங்குகிற பிள்ளையின் பக்கம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்த்தார். அந்த வசனம் முடியும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். முடிந்த பிறகும் பார்த்தார். "ஆமாம்மா" என்று சொன்னார். அதை யாரும் எதிலும் எழுதிக்கொள்ளவில்லை.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நன்றியை வெட்டச் சொல்லவில்லை.

கண்டியிலிருந்து அப்பா திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு ஏசினார்கள். எல்லாம் உன்னைத் தேடி வந்திருக்கும், எந்தப் புத்தியில் அதை ஏற்றுக்கொண்டாய் என்றார்கள். "ஏத்துக்கிட்டது நான் இல்ல, அவதான்" என்றேன். அப்பா போன துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தங்கை வளர்ந்து, கடைக்குப் பின்னால் அறை போட்டு, தாயையும் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். அப்பா தன்னைத் தோளில் சுமந்தது, ரிப்பன் கட்டியது எல்லாவற்றையும் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். எனக்கு இன்னும் வயிறு எரியும். உறுதியை எடுத்துக் காட்டி, "பாருக்கா, அப்பா என் மேல உள்ள பாசத்த எழுதியே வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று அந்த வரியில் விரலை வைப்பாள். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது வாசிக்கப்பட்டபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதையும், அப்பா யாரைப் பார்த்தார் என்பதையும் நான் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். கடை முழுக்க அவளுக்கே இருக்கட்டும், இதில் அவளுக்குப் பங்கு தர முடியாது.